10 ரூபா மெழுகுவத்தில இருந்து 6,500 ரூபா மெழுகுவத்தி வரைக்கும்: ஒரு கருவாட்டு டெஸ்ட்

மேல் மாடில ஹவுஸ் ஓனர் ஆண்ட்டி, சுத்த சைவம், சில நாள்ல வெங்காயம் பூண்டு கூட கிடையாது. கீழ நாங்க, தூத்துக்குடிக்காரங்க. அம்மா ஊர்ல இருந்து பஸ்ல போட்டு விடற பார்சல்ல நெத்திலிக் கருவாடு இல்லாம வந்ததே இல்ல. வீடு பாக்க வந்தப்போ "நான்வெஜ் சமைப்பீங்களா"ன்னு ஆண்ட்டி கேட்டாங்க, "எப்பவாச்சும் ஆண்ட்டி"ன்னேன், அத பொய்னு சொல்ல முடியாது, ஞாயித்துக்கிழமை எப்பவாச்சும்தானே வருது. பெங்களூர் முருகேஷ்பாளையால 2 பிஎச்கே, எங்க கிச்சன் ஜன்னலுக்கு நேர் மேல அவங்க பூஜை ரூம் ஜன்னல். வீட்ட இப்படிக் கட்டி வச்ச புண்ணியத்துலதான் போன நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் 8 விதமான வாசனை மெழுகுவத்திய காசு கொடுத்தும் ஓசிலயும் வாங்கி, எரிச்சு, கேக்குக்கு மாவு அளக்கற கிச்சன் தராசுல எடை போட்டு பாத்துட்டு இருந்தேன். இவர் முதல் ரெண்டு வாரம் சிரிச்சாரு, மூணாவது வாரத்துல இருந்து அவரே எடைய நோட்ல எழுத ஆரம்பிச்சுட்டாரு.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். மதியம் 12 மணிக்கு கருவாடு வறுக்கணும், எக்ஸாஸ்ட் ஃபேன் 10 நிமிஷம் ஓடணும், அப்புறம் ஹால்ல ஷூ ராக் மேல, தினமும் அதே இடம், அந்த வாரத்து மெழுகுவத்திய ஏத்தணும். 1 மணி நேரம் கழிச்சு நான் மட்டும் கீழ இறங்கி தெருமுனை வரைக்கும் போய்ட்டு வருவேன், ஏன்னா உள்ளயே உக்காந்திருந்தா மூக்கு பழகிப்போய் எதுவும் தெரியாது. இவர் வீட்லதான் இருப்பாரு, எரியற நெருப்ப தனியா விட்டுட்டு போறதெல்லாம் வேணாம். திரும்பி வந்து கதவத் திறக்கும்போது வர முதல் மூச்சு இருக்கே, அதுதான் மார்க். அதுக்கு மேல ஒரு ஜட்ஜும் இருந்தாங்க, அவங்களுக்கே தெரியாம. சாயங்காலம் ஆண்ட்டி படியில இறங்கி வரும்போது என்ன சொல்றாங்கன்னு பாப்போம்.

ஒரு விஷயம் மட்டும் புரிஞ்சுட்டா மீதி எல்லாம் ஈஸி, எனக்கு இது புரியவே 3 மெழுகுவத்தி ஆச்சு. வாசனை சுடர்ல இருந்து வர்றதில்ல. சுடர் பண்றது மெழுக உருக்கறது, உருகினத திரி மேல இழுத்து ஆவியாக்கி எரிக்கறது, அவ்ளோதான். சுத்தி குளம் மாதிரி தேங்கி நிக்குதே உருகின மெழுகு, அதோட மேல் பரப்புல இருந்துதான் வாசனை கிளம்புது. குளம் அகலமா இருந்தா வீடு மணக்கும், குளம் சின்னதா இருந்தா மெழுகுல எவ்ளோ செண்ட் ஊத்தியிருந்தாலும் வீண். அப்போ விஷயம் என்னன்னா, நல்ல மெழுகுவத்தியா இல்லையாங்கறத முடிவு பண்றது திரிதான். நம்ம கடையில மூடியத் திறந்து மோந்து பாத்து வாங்கறோம், திரிய ஒருத்தரும் பாக்கறதில்ல.

முதல்ல வாங்கினது டீ லைட், அலுமினிய கிண்ணத்துல குட்டி குட்டியா வருமே அது. கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல 20 எண்ணம் 200 ரூபா, ஆக ஒண்ணு 10 ரூபா, லாவெண்டர்னு போட்டிருந்துச்சு. பாக்கெட்ட பிரிச்சப்போ வந்த வாசனைக்கு எதிர் வீட்டுக் குழந்தை தும்முச்சு. ஏத்தி வச்சா ஒண்ணுமே இல்ல. 4 மணி நேரம் கிட்ட எரியுது, வெளிச்சம் அழகா இருக்கு, ஆனா மூக்க கொண்டுபோய் பக்கத்துல வச்சாதான் லாவெண்டர். குட்டிக் குளம், அதுல என்ன கிளம்பும். கருவாடு 10, டீ லைட் 0. விளக்கு மாதிரி வரிசையா வைக்கணும்னா வாங்குங்க, ஆனா அதுக்கு வாசனை இல்லாததே போதுமே, சிவாஜிநகர் செயிண்ட் மேரீஸ் பசிலிக்கா வாசல்ல விக்கற மெழுகுவத்தி இதவிட நேர்மையானது, எரியறேன்னு மட்டும்தான் சொல்லும்.

அடுத்தது ஆன்லைன்ல 4 டப்பா 349 ரூபா. ஆயிரக்கணக்குல ரிவ்யூ, எல்லாமே 5 ஸ்டார், எல்லாமே டப்பா வந்த அன்னைக்கே எழுதினது. பேர் சொல்ல வேணாம், இதே டப்பாவ 15 பேர் 15 பேர்ல விக்கறாங்க. "சோயா பிளெண்ட்"னு எழுதியிருக்கும், அந்த பிளெண்ட்ல சோயா எண்ணெய் மெழுகு எவ்ளோ, பெட்ரோலியத்துல இருந்து வர பாரஃபின் மெழுகு எவ்ளோன்னு எங்கயும் இல்ல. வனிலா ஒண்ண ஏத்தினேன். திரி ஒல்லி, நடுவுல மட்டும் கிணறு தோண்டிட்டே கீழ போச்சு, சுத்தி மெழுகு மதில் மாதிரி அப்படியே நிக்குது. இதுக்கு டனலிங்னு பேரு. 50 கிராம் டப்பால 30 கிராம்தான் எரிஞ்சிருக்கு, மீதி 20 கிராம் சுவத்துல ஒட்டிட்டு நிக்கும்போதே திரி முங்கி அணைஞ்சுபோச்சு, தராசு பொய் சொல்லாது. அலுமினிய ஃபாயில மேல குடை மாதிரி சுத்தி, நடுவுல மட்டும் ஓட்டை விட்டு எரிச்சா சுவர் மெழுகு உருகி வரும்னு செஞ்சு பாத்தேன், அடுத்த டப்பால அது வேலை செஞ்சது, ஆனா 87 ரூபா மெழுகுவத்திக்கு இவ்ளோ சேவகம் பண்ணணுமா.

அதவிட பெரிய கொடுமை, வனிலாவும் கருவாடும் சேர்ந்தா வர வாசனை. இத நான் வார்த்தைல சொல்ல முடியாது, பாயசத்துல யாரோ மீனக் கழுவின மாதிரி. அன்னைக்குதான் ஆண்ட்டி படியில நின்னு "ஏனம்மா, ஏனோ வாசனெ பர்த்தா இதே"ன்னாங்க, ஏதோ வாசனை வருதேன்னு அர்த்தம். கன்னடத்துல வாசனென்னா நல்லதுக்கும் சொல்வாங்க கெட்டதுக்கும் சொல்வாங்க, மூஞ்சியப் பாத்துதான் எதுன்னு கண்டுபிடிக்கணும். நம்ம பழைய தமிழ்லயும் நாற்றம்னா நல்ல மணம்தானே, ஆனா இதெல்லாம் ஓனர் ஆண்ட்டிகிட்ட அந்த நேரத்துல சொல்ற விஷயமா. "கேக் பண்ணேன் ஆண்ட்டி, கருகிடுச்சு"ன்னு சொல்லிட்டு உள்ள ஓடி வந்துட்டேன்.

வனிலாவுக்கு இன்னொரு குறிப்பு, வெள்ளையா வாங்கினது ஒரு மாசத்துல மஞ்சளாகி, அப்புறம் டீ கலருக்கு வந்துடும், கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, வனிலின் சேர்த்தா அப்படித்தான் ஆகும். அதே மாதிரி சோயா மெழுகு மேல பூஞ்சை மாதிரி வெள்ளையா பூத்திருந்தா அதுவும் பூஞ்சை இல்ல, சோயாவோட குணம்.

மூணாவது நாகசந்திரா மெட்ரோ பக்கத்துல இருக்கற பெரிய ஃபர்னிச்சர் கடைல வாங்கினது. அங்க போறவங்க யாரும் மெழுகுவத்தி வாங்கப் போறதில்ல, பில் போடற இடத்துக்கு வரும்போது கூடைல எப்படியோ 2 இருக்கும். கண்ணாடி டம்ளர்ல, 240 ரூபா, 25 மணி நேரம் எரியும்னு போட்டிருந்துச்சு, 24 எரிஞ்சுது. குளம் ஒழுங்கா ஓரம் வரைக்கும் போச்சு, கரி இல்ல, கடைசி சொட்டு வரைக்கும் சமமா இறங்குச்சு. ஆனா வாசனை அடக்கம், ஹால்ல ஏத்தினா ஹால்லயே தெரியாது, பாத்ரூமுக்கு கரெக்ட். கருவாட்டு முன்னாடி நிக்கவே இல்ல, ஆனா அதுக்கு நான் கோவப்பட மாட்டேன், சொன்னத செஞ்ச மெழுகுவத்தி அது.

அந்த ட்ரெயின்லதான் எனக்கு இன்னொரு ஞானம் வந்துச்சு. மெஜஸ்டிக்ல மாறி கிரீன் லைன்ல போனா நடுவுல சாண்டல் சோப் ஃபேக்டரின்னே ஒரு ஸ்டேஷன் இருக்கு. முதல் உலகப்போர் நேரத்துல சந்தனக்கட்டை ஐரோப்பாவுக்கு கப்பல் ஏற முடியாம தேங்கிப்போய், 1916-ல மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்துல எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சு, அப்படியே சோப்பும் வந்த கதை. என் பைல அப்போ கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல 400 ரூபாய்க்கு வாங்கின "பியூர் மைசூர் சந்தனம்" மெழுகுவத்தி ஒண்ணு இருந்துச்சு, ஃப்ரெண்ட் ஒருத்திக்கு கிஃப்ட்டுக்காக வாங்கினது, அதான் 8-ல சேர்க்கல. சும்மா போன்ல கணக்குப் போட்டேன். 200 கிராம் மெழுகு, அதுல வாசனை எண்ணெய் வழக்கமா 6-ல இருந்து 10 சதவீதம் சேர்ப்பாங்க, 8-னு வச்சுக்கோங்க, 16 கிராம். நிஜ சந்தன எண்ணெய் கிலோ 1 லட்சத்துக்கு மேல, கிராம் 100 ரூபான்னு கம்மியா போட்டாலும் எண்ணெய்க்கு மட்டும் 1,600 ரூபா. 400 ரூபாய்க்கு கண்ணாடி, மெழுகு, திரி, டப்பா, கடை வாடகை எல்லாம் போக சந்தனமும் தரேன்னு ஒருத்தர் சொன்னா அவர் வியாபாரி இல்ல, வள்ளல். செயற்கை சந்தன வாசனை தப்புன்னு சொல்லல, நல்லாவே இருக்கும், "பியூர்"னு எழுதறதுதான் எரிச்சல்.

அதுக்கு நேர் எதிர் லெமன்கிராஸ். அந்த எண்ணெய் சந்தனத்தோட ஒப்பிட்டா கொள்ளை மலிவு, அதனால ஏமாத்தவே தேவையில்ல, லெமன்கிராஸ்னு வாங்கினா நிஜ எண்ணெயே இருக்க வாய்ப்பு உண்டு. பாண்டி போயிருந்தப்போ ஆரோவில் பக்கம் வாங்கினது ஒண்ணு, 450 ரூபா, பெரிய பேக்கிங் ஆடம்பரம் எதுவும் கிடையாது. அங்க மரோமான்னு 1976-ல இருந்து ஊதுவத்தி, மெழுகுவத்தி எல்லாம் பண்றாங்க, அதனாலயோ என்னவோ அந்த ஏரியால சின்னச் சின்னதா பண்றவங்களுக்குக் கூட கை பழகியிருக்கு. கருவாட்டு டெஸ்ட்ல முதல் தடவையா கதவத் திறந்தப்போ முன்னாடி வந்தது கருவாடு இல்ல. பின்னாடி இருந்துச்சு, ஒத்துக்கறேன், ஆனா எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மீன் வறுவல் மாதிரி ஒரு சேர்க்கை, அது நாக்கு ஏத்துக்கற விஷயம்தானே, மூக்கும் ஏத்துக்குச்சு. ஆண்ட்டி அன்னைக்கு கேட்டது ஒண்ணே ஒண்ணு, "கொசு ஜாஸ்தியா இருக்காம்மா?" 10-க்கு 10 போட்டேன்.

இப்போ நான் ரொம்ப எதிர்பாத்து வாங்கினது. ஞாயித்துக்கிழமை கைவினைச் சந்தைல ஒரு பொண்ணு டேபிள் போட்டு வித்துட்டு இருந்தா, பித்தளை டபரா டம்ளர்ல ஃபில்டர் காபி மெழுகுவத்தி. டம்ளர்ல காபி கலர் மெழுகு, மேல நுரை மாதிரி வெள்ளை மெழுக அடிச்சு வச்சிருக்கா, 2 நிஜ காபிக்கொட்டைய வேற பதிச்சிருக்கா. 850 ரூபா. தமிழ்நாட்டுக்காரிக்கும் பெங்களூர்க்காரிக்கும் ஒரே நேரத்துல கொக்கி போட்ட மாதிரி. நான் வாங்காம வருவேனா.

மூடியத் திறந்தா காபி. ஏத்தி அரை மணி நேரம் கழிச்சு காபி மிட்டாய். 1 மணி நேரம் கழிச்சு, காபி மிட்டாய் பேப்பர். டிகாக்‌ஷன் இறங்கும்போது வர அந்தக் கசப்பு கலந்த வாசனை இருக்கே, சிக்கரியோட சேர்ந்து, அது வரவே இல்ல, இனிப்பு மட்டும்தான் நிக்குது. சரி, அதக் கூட விட்டுடலாம். பித்தளை சூட்ட அப்படியே கடத்தும்ல, நம்ம காபி குடிக்கும்போது டம்ளர் விளிம்ப பிடிக்கறதே அதுக்குத்தான, நான் 3 மணி நேரம் எரிய விட்டு டபராவோட தூக்கப் போனா விரல் சுர்ர்னுச்சு, கீழ ஷூ ராக் பாலிஷ்ல வட்டமா வெள்ளைத் தழும்பு. அதுக்கு மேல திரி நடுவுல இல்லாம ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு, அந்தப் பக்கம் மட்டும் உருகி, இந்தப் பக்கம் காபிக்கொட்டை அப்படியே மேட்டுல உக்காந்திருக்கு. இன்னொண்ணு, மெழுகுல பதிச்ச காபிக்கொட்டை, காஞ்ச பூ, பட்டை இதெல்லாம் போட்டோவுக்கு அழகு, நெருப்பு எட்டினா அதுவும் திரியாட்டம் பத்திக்கும், ஏத்தறதுக்கு முன்னாடி ஃபோர்க்கால நெம்பி எடுத்துடுங்க. அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் போட்டேன், "கோஸ்டர் வச்சுக்கோங்க அக்கா"ன்னா. பாவம், நல்ல பொண்ணு, ஐடியா பிரமாதம், திரிய மட்டும் நேரா வச்சா மறுபடி வாங்குவேன். 180 கிராம், மணிக்கு ஐந்தரை கிராம் கணக்குல 32 மணி நேரம் கிட்ட வந்துச்சு, அதுல குறை இல்ல.

மால்ல வாங்கின 3 திரி ஜாடியப் பத்தி சுருக்கமா முடிச்சுடறேன், நினைச்சாலே கோவம் வருது. 3,000 ரூபா, 400 கிராமுக்கு மேல, ஏத்தின 20 நிமிஷத்துல பெட்ரூம் வரைக்கும் வாசனை, பலத்துல இத அடிச்சுக்க ஆளே இல்ல, கருவாட்ட அடிச்சு உக்கார வச்சது நிஜமாவே இதுதான். ஆனா 3 சுடர் பக்கத்துல பக்கத்துல, மணிக்கு 12 கிராம் குடிக்குது, ரெண்டாவது வாரம் கொஞ்சம் புழுக்கமா இருக்கேன்னு ஃபேன 1-ல வச்சேன், திரியவும் வெட்டல, சாயங்காலம் பாத்தா ஷூ ராக்குக்கு மேல வெள்ளைச் சுவத்துல கரி, யாரோ அடுப்பு மூட்டின மாதிரி. பெங்களூர்ல வாடகைக்கு இருக்கறவங்களுக்குத் தெரியும், காலி பண்ணும்போது பெயிண்டிங்குனு ஒரு மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிக்கறதுதான் இங்க வழக்கம், ஆனா கரி புடிச்ச சுவர்னா ஒரு மாசத்தோட நிக்குமான்னு தெரியல. அந்த இடத்துல இப்போ ஒரு காலண்டர் தொங்குது. பாரஃபின்னாலே விஷம், சோயான்னா அமிர்தம்னு சொல்றவங்க பேச்ச நான் எடுத்துக்கறதில்ல, சோயாவும் நீளமான திரி, ஃபேன் காத்துன்னு வச்சா கரி கக்கும். ஒவ்வொரு தடவை ஏத்தறதுக்கு முன்னாடி திரிய 5, 6 மில்லிமீட்டருக்கு வெட்டணும், அதுக்குன்னு தனி கத்திரி 600 ரூபாய்க்கு விக்கறாங்க, நெயில் கட்டர் போதும்.

அடுத்தது மோக்ரா ஜாடி, மோக்ரான்னா ஹிந்தில குண்டுமல்லி, 1,800 ரூபா, இந்திராநகர் 100 அடி ரோட்ல கண்ணாடிக் கதவு போட்ட கடை, உள்ள போனாலே நம்ம செருப்பப் பாத்து நமக்கே வெக்கம் வரும் பாருங்க, அந்த மாதிரி கடை. கனமான ஜாடி, மரமூடி, திரி நேரா, குளம் கரெக்டா 3 மணி நேரத்துல விளிம்பத் தொட்டுச்சு. முதல் தடவை ஏத்தும்போது ஓரம் வரைக்கும் உருகற வரை அணைக்கக்கூடாது, ஜாடி 3 இஞ்ச் அகலம்னா 3 மணி நேரம், இல்லன்னா அடுத்த தடவையும் அது பழைய வட்டத்தோடயே நின்னுடும், அதே சமயம் ஒரே மூச்சா 4 மணி நேரத்துக்கு மேலயும் எரிக்காதீங்க. வேலைப்பாட்டுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அது மல்லிகையா?

நான் தலைல மல்லி வச்சு வளர்ந்தவ. 2013-ல புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லி பஸ் ஏறி தூத்துக்குடி வரும்போது எப்படி இருக்கும், சாயங்காலம் மொட்டு வெடிக்கும்போது எப்படி, மறுநாள் காலைல தலகாணில வாடிக் கிடக்கும்போது எப்படின்னு மூக்குக்கு மனப்பாடம். நிஜ மல்லில இண்டோல்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, தனியா மோந்தா கக்கூஸ் நாத்தம், பூவுல துளியா இருக்கும்போது அதுதான் அந்தக் கிறக்கத்தையே குடுக்குது. மெழுகுவத்தி பண்றவங்க அத எடுத்துட்டு சுத்தபத்தமா ஒரு மல்லி பண்றாங்க, அதான் வெள்ளையா, சோப்பு மாதிரி, ஹோட்டல் லாபி மாதிரி இருக்கு. நிஜ மல்லி எண்ணெய் சேர்க்கச் சொல்லியும் கேக்க முடியாது, 1 கிலோ எடுக்க நூத்துக்கணக்கான கிலோ பூ வேணும், விலை சந்தனத்துக்கு அண்ணன். அல்சூர்ல கோவில் வாசல்ல 40 ரூபாய்க்கு ஒரு மொழம் வாங்கி டிவி மேல போட்டா ராத்திரி முழுக்க இதவிட நிஜமான மணம். மல்லின்னு எழுதாம "வெள்ளைப் பூ"ன்னு எழுதியிருந்தா நான் முழு மார்க் போட்டிருப்பேன்.

கடைசியா அந்த 6,500. நான் வாங்கல, சத்தியமா. இவரோட டீம்ல ஒருத்தர் பாரிஸ் போய்ட்டு வந்து, இவர் ஏதோ ஒரு ராத்திரி முழுக்க அவர் வேலைய எடுத்துச் செஞ்சதுக்கு நன்றியா கொடுத்தது. டிப்டீக்ங்கற பிராண்ட், அதுல பேங்கற வாசனை. 1961-ல பாரிஸ்ல சான் ஜெர்மான் சாலை 34-ம் நம்பர்ல துணி, அலங்காரப் பொருள் விக்கற கடையா ஆரம்பிச்சு 1963-ல மெழுகுவத்திக்கு வந்தவங்க. 190 கிராம்தான், நம்ம காபி டம்ளர் சைஸ், 60 மணி நேரம்னு போட்டிருக்கு. எனக்கு வந்த முதல் சந்தேகமே அங்கதான், 1,800 ரூபா ஜாடி 220 கிராமுக்கு 36 மணி நேரம்தான் வந்துச்சு, இது எப்படி 60?

தராசு சொல்லுச்சு. 3 மணி நேரத்துல 10 கிராம்தான் குறைஞ்சிருந்துச்சு. அப்போ மணிக்கு 3.3 கிராம். சுடர் பாத்தா சின்னதா, அசையாம, அகல் விளக்கு மாதிரி நிக்குது, புகை இல்ல, திரி நுனில அந்தக் காளான் மாதிரி கரி மொட்டு கட்டல. அவ்ளோ சின்ன சுடர், ஆனா குளம் மட்டும் எப்படியோ விளிம்பு வரைக்கும் போய் நிக்குது. இதுதான் காசு. பெரிய சுடர் வச்சு வாசனை கிளப்ப யாருக்கும் தெரியும், சின்ன சுடர்ல கிளப்பறதுதான் வித்தை. வாசனைன்னு பாத்தா தக்காளிச் செடி இலைய கசக்கின மாதிரி ஒரு பச்சை, அதுக்கு அடியில பன்னீர் ரோஜா. இவருக்கு முதல் நாள் பிடிக்கவே இல்ல, "தோட்டத்துல யாரோ குல்கந்த கொட்டின மாதிரி இருக்கு"ன்னாரு. ரெண்டாவது நாள் அவரே ஏத்தி வச்சாரு.

இத வச்சு கருவாட்டு டெஸ்ட் பண்ணக்கூடாதுன்னு இவர் சண்டை, பண்ணியே ஆகணும்னு நான். பண்ணோம். கதவத் திறந்தா கருவாடு இருந்துச்சு. மறைக்கல. ஆனா பக்கத்து வீட்டுக் கருவாடு மாதிரி தள்ளிப் போயிருந்துச்சு. 3 திரி ஜாடி மாதிரி அடிச்சு உக்கார வைக்கற வேலை எல்லாம் இதுகிட்ட கிடையாது.

நோட்ல மணிக்கு எவ்ளோ செலவுன்னு இவர் போட்ட கணக்கு இது. டீ லைட் ரெண்டரை ரூபா. ஆன்லைன் டப்பா 7 ரூபா ஆகியிருக்கணும், சுவத்துல ஒட்டினது வீணானதால 11 தாண்டிடுச்சு. நாகசந்திரா டம்ளர் 10, பாண்டி லெமன்கிராஸ் 15 கிட்ட, டபரா காபி 26, மோக்ரா 50, 3 திரி 85, பாரிஸ் 108. ஆக சீப்னு வாங்கின டப்பாவும் 240 ரூபா டம்ளரும் மணிக் கணக்குல கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஒண்ணு ஒழுங்கா எரியுது, இன்னொண்ணு கிணறு தோண்டுது. 300-ல இருந்து 500 வரைக்கும் ஏறும்போது வித்தியாசம் பளிச்சுனு தெரியுது, 500-ல இருந்து 1,800 போகும்போது ஜாடி கனமாகுது, மூடி மரமாகுது, மெழுகு என்னவோ அதேதான். அப்புறம் 6,500-ல திடீர்னு திரி வேற லெவலுக்கு போகுது, ஆனா அந்தக் காசுக்கு நான் 14 லெமன்கிராஸ் வாங்கி ஒன்றரை வருஷம் ஞாயித்துக்கிழமை ஓட்டிடுவேன். யாராச்சும் கொடுத்தா வேணாம்னு சொல்லாதீங்க, அவ்ளோதான்.

இதெல்லாம் பெங்களூர்ல இருக்கறதால நடக்குதுங்கறதும் ஒண்ணு. 900 மீட்டர் உயரத்துல, டிசம்பர்ல ஃபேன் போடாம ஜன்னல சாத்திட்டு உக்கார முடியுது, சுடர் ஆடாம நிக்குது. அந்த ஜோர்ல ஏப்ரல்ல அம்மாவுக்கு ஒரு சோயா மெழுகுவத்திய கூரியர்ல அனுப்பினேன், 50 டிகிரி கிட்டயே உருகற வகை அது, லாரிக்குள்ள என்ன சூடு இருந்துச்சோ, தூத்துக்குடில அம்மா பிரிக்கும்போது நெய் டப்பா கவுந்த மாதிரி இருந்திருக்கு. போன்ல, "ஏட்டி, கரண்டு கெடக்கும்போது என்னத்துக்கு மெழுகுவத்தி, அதுவும் உருக்கி அனுப்பியிருக்க"ன்னு. கோடைல அந்தப் பக்கம் அனுப்பறதா இருந்தா ஊதுவத்தி அனுப்புங்க. சொல்லப்போனா மேல் வீட்டு ஆண்ட்டி சாயங்காலம் பூஜைக்கு ஏத்தற சைக்கிள் அகர்பத்தி, 1948-ல மைசூர்ல ஆரம்பிச்ச பிராண்ட், ஒரு குச்சி கீழ இறங்கி வந்தாலே என் 8 மெழுகுவத்தியும் வாய மூடிக்கும்.

காலி ஜாடிய தூக்கிப் போடாதீங்க, ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வச்சா மிச்ச மெழுகு சுருங்கி, கத்தி நுனியால நெம்பினா ஒரே வில்லையா வந்துடும், அப்புறம் சுடுதண்ணி, சோப்பு. பேனா வைக்கலாம், பஞ்சு வைக்கலாம். கிச்சனுக்குள்ள மட்டும் கொண்டு போகாதீங்க. அந்த 1,800 ரூபா மோக்ரா ஜாடிய இவர் 3 தடவை கழுவி, வெயில்ல காய வச்சு, உதவி பண்றேன்னு மூடில மல்லின்னு ஸ்டிக்கர் ஒட்டி தனியாவக் கொட்டி வச்சுட்டாரு. அடுத்த நாள் நான் கவனிக்காம அதுல இருந்து எடுத்து ரசத்துக்கு பொடிச்சேன். இவர் ஒரு வாய் குடிச்சுட்டு, "ரசத்துல மல்லி வாசம் தூக்கலா இருக்கே"ன்னாரு. ஆமா, தூக்கலாத்தான் இருந்துச்சு, கொத்தமல்லி இல்ல, குண்டுமல்லி.